பங்குக் கிணற்றில் கை கட்டி

கிணறு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பாதி என் பெரியப்பா மகனுடையது. வளவனூருக்குப் பக்கத்தில், கரும்புக்கு நடுவே இருக்கும் பழைய கல் கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவன் முறை. முறை தவறி அப்பா தண்ணீர் பாய்ச்சிவிட்டார் என்று ஒருமுறை எங்கள் பைப்பை அரிவாளால் வெட்டிப் போட்டான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அவன் என்னைவிட மூத்தவன். அண்ணன் என்று கூப்பிட வேண்டும். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நான் கடற்படையில் இருக்கிறேன். கப்பலில் துருவைச் சுரண்டி பெயின்ட் அடிக்கிற வேலை. அதைவிட்டு கடற்படையின் அதிரடிப் படைக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தேன். தேர்வுப் பயிற்சிக்குப் போகும் முன் உடம்பைத் தயார் செய்துகொள்ளலாம் என்று லீவில் வந்தேன். வந்தது தப்போ என்று தினமும் நினைத்தேன்.

பையில் மணலைக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் ஓடினால், டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற வேலையற்ற கூட்டம் கத்தும்.

"இன்னா மிலிட்டரி, மூட்டைல மல்லாட்டையா? மார்க்கெட் அந்தப் பக்கம்பா!"

முதுகில் வேர்க்கடலை மூட்டையாம். நாய்கள்கூடப் பரவாயில்லை. கொஞ்ச தூரம் துரத்திவிட்டு நின்றுவிடும்.

ஓட்டம் எனக்குப் பிரச்சினையே இல்லை. தண்ணீர்தான் பிரச்சினை. தேர்வில் கையைப் பின்னால் கட்டி, காலையும் சேர்த்துக் கட்டி, ஆழமான குளத்தில் தள்ளுவார்கள். அடிவரை போய், தரையை உதைத்து மேலே வந்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி இறங்க வேண்டும். அவர்கள் போதும் என்கிறவரை. முடியவில்லை என்றால் தலையை ஆட்டினால் போதும், தூக்கிவிடுவார்கள். அதோடு சரி. திரும்பவும் பெயின்ட் டப்பா.

எனக்கு நீச்சல் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் கை கட்டியிருக்கிறது என்று மூளைக்குத் தெரிந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூச்சு இருக்கும்போதே மூச்சு இல்லாதது போல உடம்பு துள்ளும். இதைச் சரிசெய்யாமல் போனால் முதல் நாளே தலையை ஆட்டிவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திண்டிவனத்தில், பைபாஸ் ஓரத்தில், மிலிட்டரி கோச்சிங் நடத்துகிற ஒருவனிடம் போன் செய்து கேட்டேன். "நீச்சல் குளம் இருக்கு, வாங்க தம்பி" என்றான். பஸ் ஏறிப் போனேன். தண்ணீர் என் மார்பு வரைக்கும் வரவில்லை. வாத்து படம் போட்ட ரப்பர் வளையங்கள் மிதந்துகொண்டிருந்தன. அவன் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "என்னால் முடியும்னு சத்தமா சொல்லுங்க" என்றான். "மனசுதான் தம்பி எல்லாம்" என்றான். இவன் ஒரு நாளாவது யூனிஃபார்ம் போட்டிருப்பானா? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது கிணறுதான். மழை பெய்து இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. கரையில் காவலுக்கு ஆள் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. யாரை அழைப்பது? அப்பாவிடம் சொன்னால் கிணற்றுப் பக்கமே விடமாட்டார். தனியாகவே போனேன். காலைத் துண்டால் கட்டிக்கொண்டேன். கயிற்றில் வளையம் போட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய் அதில் நுழைத்து முறுக்கிக்கொண்டேன். படிக்கல்லிலிருந்து விழுந்தேன்.

கொஞ்ச நாள் இப்படிப் போனது. தினமும் தொண்டை அடைத்தது. தினமும் பாதியில் கயிற்றை உதறிக்கொண்டு படியைப் பிடித்தேன்.

ஒரு நாள் விடிந்த நேரம், மோட்டார் போட பெரியப்பா மகன் வந்திருக்கிறான். அவன் பார்த்தது இவ்வளவுதான்: கையும் காலும் கட்டின ஒருத்தன் தண்ணீருக்குள் போகிறான், வருகிறான், மறுபடி போகிறான். கத்தவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை. மேலேயிருந்து அப்படியே குதித்துவிட்டான்.

விழும்போது அவன் தலை படிக்கல்லில் இடித்தது. கைலி காலைச் சுற்றிக்கொண்டது. காப்பாற்ற வந்தவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னை உள்ளே அழுத்தினான். தண்ணீர் சிவப்பாகத் தெரிந்தது. இது எவன் கை என்று தெரிந்தபோது எனக்கு வந்தது பயமில்லை, கோபம். பைப்பை வெட்டின அதே கை. இங்கேயும் வந்துவிட்டான் நாய்!

கோபத்தில் தொண்டை அடைக்க மறந்துவிட்டது. மேலே வர முயற்சி செய்யாமல் அவனோடு சேர்ந்து கீழே இறங்கினேன். ஆழம் போனதும் பிடியை விட்டான். கயிற்றை முறுக்கவிழ்த்து, அவன் தலைமயிரைப் பிடித்து, தரையை உதைத்து மேலே வந்து, இழுத்துப் படியில் போட்டேன். இருமி இருமித் தண்ணீர் கக்கினான். கக்கிக்கொண்டே கெட்ட வார்த்தையில் திட்டினான். நானும் திட்டினேன். வருஷக்கணக்கில் பேசாத இரண்டு பேரும் அன்றைக்குத்தான் பேசினோம்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தையல் போட்டார்கள். நான் தற்கொலைக்குக் குதித்தேன் என்று அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு போலீஸ்காரர் பேப்பரோடு வந்தார். கயிறு பதிந்திருந்த என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னா தம்பி, லவ் மேட்டரா?"

"பிராக்டிஸ் சார்."

"கைய கட்டிக்கினு எவன்யா நீச்சல் பழகுவான்? யார் காதுல பூ சுத்துற?"

தற்கொலை முயற்சி என்று அந்தப் பேப்பரில் ஒரு வரி ஏறினால் தேர்வு போச்சு, கப்பலும் போச்சு. மூளை சரியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. பார்த்த சாட்சி ஒரே ஒருத்தன். அவன் தலையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நீ சொல்லுய்யா. இவன் சாவறதுக்குத்தான குதிச்சான்?"

அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"சார், இவங்கப்பனுக்கு வேற புள்ள கெடையாது. இவன் செத்தா பின்னால கெணறு மொத்தமும் எனக்குத்தான். சாவப் போறான்னா நான் இன்னாத்துக்கு சார் உள்ள போறேன்? மோட்டார போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். பிராக்டிஸுதான் பண்ணிக்கினு இருந்தான்."

"அப்பறம் நீ ஏன்யா குதிச்ச?"

"குதிக்கல சார். கால் வழுக்கிடுச்சி."

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. கால் வழுக்கி விழுந்தவனின் போன், ஆனால் நனையவே இல்லை. குதிக்கும் முன் கரையில் எறிந்ததை யாரோ எடுத்து வந்து கொடுத்திருக்கிறார்கள். போலீஸ்காரர் போனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் போனபோது, தலைக்கட்டோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"கட்டிக்கோடா. இன்னிக்கு செத்தா நான் எறங்க மாட்டேன். தையலு நனைய கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"உன்ன எவன் வரச்சொன்னான்?"

"ஜல்தி முடிச்சிட்டு ஏறு. மோட்டார் போடணும்."

அன்றைக்கு முறை எங்களுடையது. அது அவனுக்கும் தெரியும். லீவு முடிகிறவரை தினமும் வந்து உட்கார்ந்தான். ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "எருமகூட இதவிட நல்லா நீந்தும்" என்பான்.

தேர்வில் கையையும் காலையும் கட்டித் தள்ளினார்கள். அடியில் தொண்டை அடைத்தது. கழுத்தைச் சுற்றின அந்தக் கையை நினைத்தேன். ஆத்திரம் வந்தது. போதும் என்று அவர்களாகச் சொல்கிறவரை நான் தலையை ஆட்டவில்லை.

தண்ணீர்த் தேர்வு முடிந்ததைச் சொல்ல வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா சொல்லவே விடவில்லை.

"டேய், நேத்து நம்ம மொறைல அவன் மோட்டார் போட்டுக்கினான்டா."

வெட்டின பைப்பையே அவன் இன்னும் மாற்றித் தரவில்லை. அடுத்த லீவில் முதல் வேலையாக அதைத்தான் கேட்கப் போகிறேன்.