நடுக்குழியில் ஒரு கொட்டை

ஐம்பதுகளில், இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் கணக்கப்பிள்ளை வீட்டில் குழிகளில் குச்சிகள் செருகிய விளையாட்டுப் பலகை ஒன்று இருந்தது. ஒரு குச்சி பக்கத்துக் குச்சியைத் தாண்டினால், தாண்டப்பட்டதை எடுத்துவிட வேண்டும். கடைசியில் நடுக்குழியில் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். அவருக்கே அது பிடிபடவில்லை. நான் எங்கள் லயத்து வீட்டின் இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையின் மண்தரையில் குழி தோண்டி, தேயிலைக் கொட்டைகளை வைத்து மழைக்காலம் முழுக்க ஆடினேன். எப்போதும் மூன்று மிஞ்சும்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த என் மனைவிதான் வழி சொன்னாள். "தேயில நெரையில ஏறுறப்பவே எங்க போயி முடிக்கணும்னு பாத்துக்கிட்டுத்தான் நாங்க கொழுந்தெடுப்போம். நீங்களும் கடைசிக் கொட்டையிலருந்து பின்னுக்கு ஆடிப் பாருங்க."

நாலாம் நாள் நடுக்குழியில் ஒரே ஒரு கொட்டை நின்றது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையிடம் பீற்றிக்கொண்டேன். அவர் பலகையை எடுத்துவரச் செய்தார். எல்லோர் முன்னாலும் ஆடிக் காட்டினேன்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானேதாங்க கண்டுபுடிச்சேன்."

"ஒம் பொண்டாட்டிக்கும் தெரியுமா?"

அவள் கூடையோடு நாலடி தள்ளி நின்றாள். அது தெரிந்தேதான் சொன்னேன், வெட்கங்கெட்டவன்.

"அவளுக்கு என்னாங்க தெரியும்? கொழுந்து பறிக்கத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை அவள் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க" என்றாள்.