தோட்டோடு ஹெட்போன்

பல நாள் ரிவியூ பார்த்துத் தெரிவுசெய்த ஹெட்போனை, காதை முழுதாக மூடுகிற அந்த விலைகூடிய வயரில்லாத வகையை, இன்று யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் போட்டுப் பார்த்தேன்.

அப்படி ஒரு துல்லியம். வயலின்காரர் வில்லைத் திருப்புவதுகூடக் கேட்டது. ஆனால் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தோட்டின் சுரை, அந்தத் திருகாணி, காதுக்குப் பின்னால் குத்தத் தொடங்கிவிட்டது.

"தோட்டைக் கழட்டிப்போட்டுக் கேட்டுப் பாருங்கோ அக்கா" என்றார் கடைக்காரர்.

நான் வாய் திறக்க முதல், கூட வந்த மாமி, என் கணவரின் அம்மா, பதில் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்க் கலியாணம் கட்டின பிள்ளை வெறுங்காதோடை நிக்கிறதோ? உதை அங்காலை வையுங்கோ தம்பி."

கடைக்காரர் சளைக்கவில்லை. "நீங்களும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன் அம்மா" என்று மாமிக்கு அதை மாட்டிவிட்டு, ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டார்.

மாமி கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் முகம் சுளித்தது. அவருக்கும் சுரை குத்துகிறது! கழற்றித் தரப்போகிறார் என்று கையை நீட்டினேன்.

கழற்றித்தான் தந்தார். என் கையில் விழுந்தது ஹெட்போன் அல்ல, அவருடைய இரண்டு தோடுகளும்.

"கவனமாய் வைச்சிரு பிள்ளை. உந்த நாதஸ்வரக்காரர் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை."

ஹெட்போன் வாங்கியாகிவிட்டது. இந்த நிமிடம் வரை அது மாமியின் தலையில்தான் இருக்கிறது.

நான் பார்த்த ரிவியூக்காரர்களில் ஒருவர்கூடத் தோடு போட்டவர் இல்லை. தோட்டோடு போடக்கூடியது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கும் ஒன்று வேண்டும்.