சரிதாவின் புதுத் தோல்

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அங்காளம்மாவுக்கு மகளை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். கோவளத்துக் கரையில் அலையோடு அலையாகக் கிடந்த சரிதா, நீச்சலைக் காட்டியே தாம்பரத்துக் கல்லூரியில் இடம் வாங்கியிருந்தாள். 2006-ஆம் வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் வெள்ளிப் பதக்கமும் ஜெயித்து வந்தாள்.

பதக்கத்தோடு வந்தவள் இரண்டாம் நாள் காய்ச்சலில் சுருண்டுவிட்டாள். வாந்தி, பேதி. தெருமுனை டாக்டர், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை கொடுத்தார். மாலைக்குள் வெயிலில் காய்ந்தவள்போல் உடம்பெல்லாம் சிவந்து, பேச்சு குழறியது. அப்பன் ரங்கன் ஆட்டோ பிடித்து, அங்காளம்மாவும் கூட வர, ஓட்டமாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் திரிபுரசுந்தரி சிவந்த தோலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரங்கனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சரிதாவின் காதருகே குனிந்தார்.

"பீரியட்ஸ் எப்பம்மா வந்துச்சு?"

"போட்டி அன்னிக்கு."

"அன்னிக்கு என்ன யூஸ் பண்ணின?"

சரிதா அம்மாவைப் பார்த்தாள். அங்காளம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு கண்ணு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"கூட நீந்தற பொண்ணு பஞ்சு மாதிரி ஒண்ணு குட்த்தா. உள்ள வச்சிக்கிறது. அப்பாலிக்கா தேடினேன், நூலு கைக்கு மாட்டல. வுழுந்துட்சின்னு நெனச்சேன்" என்று குழறிக் குழறிச் சொன்னாள்.

அது விழவில்லை. டாம்பான் என்னும் அந்தப் பஞ்சுச் சுருளை டாக்டரே வெளியே எடுத்தார். விரல் நீளம்கூட இல்லை.

"இதுலயா டாக்டரம்மா எம்பொண்ணு சாவக் கெடக்கறா?"

"போட்டி அன்னிலேர்ந்து மாத்தாம உள்ளயே இருந்திருக்கு. அதுல கிருமி வளர்ந்து, விஷத்த ரத்தத்துல விட்டிருக்கு. எங்கயோ ஒருத்தருக்குத்தான் இப்படி வரும். இனிமே இவ இத வைக்கவே கூடாது."

மருந்தும் குளுக்கோஸும் ஏற ஏற, மூன்றாம் நாள் சரிதா கண் திறந்து கஞ்சி கேட்டாள். அதற்கு அடுத்த வாரம் அவள் உள்ளங்கைத் தோல் உரியத் தொடங்கியது, பிறகு பாதமும். பயந்து ஓடிய அங்காளம்மாவிடம், இந்த நோய் தணியும்போது தோல் இப்படித்தான் உரியும் என்றார் டாக்டர். திரும்பி வந்து மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ மீனைத் தோலுரித்த கை அவளுடையது. உரிந்த தோலுக்கு அடியில் இன்னொரு தோல், இளஞ்சிவப்பாய், ரேகைகளோடு தயாராக இருந்ததை அன்றுதான் பார்த்தாள். விரல் வைக்கவே பயமாக இருந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் சரிதா கேட்டாள்: "நீ வெடிகாலைல மார்க்கெட்டுக்குப் போறியே, துணிய எப்பம்மா மாத்துவ?"

"வூட்டுக்கு வந்துதான். அங்க எடம் ஏது? கக்கூசைப் பூட்டி வச்சிகிறாங்க."

"நாள் பூராவும் ஒரே துணியா?"

மறுநாள் அங்காளம்மா மீன் விற்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட் மேஸ்திரி ஏசுபாதத்திடம் போனாள்.

"கக்கூஸ் சாவி வோணும்."

"இன்னாத்துக்கு இப்ப? பேஜார் பண்ணாத போ."

"மாசத்துல தீட்டு வர்ற அன்னிக்குத் துணி மாத்தணும். மாத்தாம வுட்டுத்தான் எம்பொண்ணு சாவப் பொழைக்கக் கெடந்து வந்துகிறா."

ஏசுபாதம் காது சிவக்க, அவள் முகத்தைப் பார்க்காமலே சாவியை எடுத்து நீட்டினார்.