மூன்று ஞாயிறு கேட்ட இறக்கை

செபமாலை இறந்த செய்தி வந்தபோது என் மீசையில் பாதிதான் கறுப்பாக இருந்தது.

மறுநாள் என் மூத்த மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். தகப்பன் இளமையாகத் தெரிய வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. எனக்கே தோன்றிய யோசனைதான். நோர்வூட் கடையில் வாங்கிய சாயத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தொட்டு, கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, இடது பக்கத்தை முடித்திருந்தேன். மகள் போனைக் காதில் பிடித்தபடியே வந்து நின்றாள்.

"அப்பா, ஃபெக்டரியிலருந்து பேசுறாங்க. செபமாலை மாமா மாடிப்படியில விழுந்துட்டாராம்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்லையாம்ப்பா. மாமா..." என்று நிறுத்தினாள்.

பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போய், உடலோடு திரும்பி வந்து, சாவு வீட்டு வாசலில் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பது தெரிந்தது. என் துக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். தேயிலை ஃபெக்டரி காவல்காரர் காதருகே வந்து, "அண்ணே, மீசைய மட்டும் கழுவிட்டு வாங்க" என்றார். கழுவினால் போகிற சாயமா அது? அடக்கம் முடியும்வரை வலது பக்கம் ஐம்பத்தெட்டு வயதுக்காரனாகவும் இடது பக்கம் புதுமாப்பிள்ளையாகவும் நின்றேன். அதைப் பார்த்து முதலில் சிரிக்க வேண்டியவர் பெட்டிக்குள் கிடந்தார்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அவருடைய மகள் ஸ்டெல்லா கேட்டாள். பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன் நான். இரண்டு தடவையும் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. தமிழ் மட்டும் கைவிடவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். செபமாலையை 'அவர்' என்று எழுதினால் அவருக்கே சிரிப்பு வரும். முப்பது வருடமாக 'டா' போட்ட வாய். ஆனாலும் அச்சில் வருவதால் இன்றைக்கு ஒரு நாள் அவர்.

உங்களில் பலருக்கு அவரை ஃபெக்டரியின் பிட்டராகத்தான் தெரியும். தேயிலை உருட்டுகிற ரோலர் நின்றால், கொழுந்து வாட்டுகிற விசிறி நின்றால், கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவீர்கள். தான் வேதக்காரர், மாதா கோயில் ஆள் என்று பார்க்காமல் மாரியம்மன் தேர்ச் சக்கரத்துக்கும் கிரீஸ் போட்டவர். "தொறந்து பாக்காத வரைக்கும்தான்டா பயம். தொறந்துட்டா வேலைதான்" என்பார். எந்த மெஷினைப் பற்றியும் அவர் சொல்வது அவ்வளவுதான்.

அவர் திறந்து பார்க்காத ஒரே மெஷின் விமானம். ஸ்டெல்லா கட்டாருக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து, அவள் வரும்போதும் போகும்போதும் இந்த மனிதர் சாப்பிட மாட்டார். அவள் இறங்கிவிட்டதாகச் செய்தி வரும்வரை வெறும் தேத்தண்ணிதான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்ததைத் தவிர விமானத்துக்குப் பக்கத்தில் அவர் போனதில்லை. "அம்புட்டு கனம் எதுல நிக்குது, ராசேந்திரா?" என்று என்னைக் கேட்பார். நான் டிரையர்காரன். தேயிலையைக் காய வைப்பது என் தொழில். காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சூடான காற்று, சூடில்லாத காற்று என்ற இரண்டு வகைதான். ஆனாலும் விளக்கம் சொல்வேன். அவர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.

போன வருடம் மாற்றலாகிப் போன தோட்டத்துத் துரை, பங்களாவைக் காலி செய்தபோது ஒரு பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். யாரோ வாங்கி யாரோ மறந்த பெட்டி. மேலே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சிறிய விமானத்தின் படம். உள்ளே சட்டத்தோடு ஒட்டிய சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு படத்தாள். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஜெட் விமானங்கள் வரத் தொடங்கிய காலத்தில், விமானிகளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுப்பதற்காகச் செய்தது என்று ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். செபமாலை ஓர் இறக்கையை விரலால் அளந்து மனக்கணக்குப் போட்டார்.

"ரெண்டு இறக்கையும் சேத்து நம்ம லயத்து வீட்டுல மூணு காம்பிரா ரூம் நீளம்தான்டா. இதுலயா மேல போனாங்க?"

"இது சின்னது மச்சான். ஸ்டெல்லா போறது பெரிசு."

"சின்ன ரோலர் தெரிஞ்சவனுக்குப் பெரிய ரோலர் தெரியாதா? இதப் பூட்டிப் பாத்துட்டா அதுவும் தெரிஞ்சிரும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட்டதும், அவருடைய குவாட்டர்ஸ் ஜன்னலோரம் இரண்டு பேரும் உட்காருவோம். சவர பிளேடால் துண்டுகளை வெட்டுவார். அவர் மனைவி பிலோமினா தங்கச்சியின் நகம் ராவுகிற அரத்தால் பிசிறு எடுப்பார். பிடித்துக்கொள்வது என் வேலை. உடலின் இரண்டு பாதியையும் முதல் தடவை சேர்த்துப் பார்த்தபோது அவர் முகம் விழுந்துவிட்டது. "உள்ள ஒண்ணுமே இல்லையேடா. எஞ்சின் எங்க? வெறும் ஓட்டையில்ல இருக்கு." பொம்மையில் எஞ்சின் எங்கிருந்து வரும் என்றேன். விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு, மஸ்கெலியாவில் மீன்வலை போடுகிறவர்களிடம் வாங்கிய ஈயக் குண்டுகளோடு காத்திருந்தார். மூக்குக்குள் கனம் வைக்காமல் மூடினால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும் என்று படத்தாளில் அவரே கண்டுபிடித்திருந்தார். நான் வாசித்த ஆங்கிலத்தில் அது வரவேயில்லை.

அந்த விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னுமாக அல்ல, பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "பக்கத்துல இருந்தாத்தான்டா கையத் தட்டிவிட முடியும்" என்றார். உள்ளே உட்கார வைக்கிற இரண்டு பொம்மை ஆட்களின் அரிசி அளவு தலைகளுக்கு வெளுத்த நிறம் பூசச் சொல்லியிருந்தது. அவர் கறுப்பும் சிவப்பும் குழைத்து மாநிறம் பூசினார். "நம்ம ஆளுகளாவே இருக்கட்டும். எடது பக்கம் படிக்கிறவன், அது நீ. கைய வச்சிக்கிட்டு சும்மா இரு."

ஒரு தலை உருண்டு கட்டிலுக்கடியில் போனபோது இருவரும் முழந்தாளில் நின்று தேடினோம். தங்கச்சி தேத்தண்ணியோடு வந்து, "என்னண்ணே, பூசைக்கு வரச் சொன்னா வரமாட்டீங்க, இங்க வந்து முழந்தாள் போடுறீங்க?" என்றார்.

அந்தத் தேத்தண்ணி ஆறும் முன்னால்தான் முதல் தடவை பார்த்தேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டு இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஹட்டன் குளிரில் நெற்றி முழுக்க வேர்வை. தங்கச்சி அடுப்படிக்குள் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியின் மூடிக்கடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். தோட்டத்து டாக்டர் கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இருதய கிளினிக்குக்கு உடனே போகச் சொல்லி எழுதியிருந்தது.

"எப்ப போற?" என்றேன்.

"இத முடிச்சிட்டு. போனா படுக்க வச்சிருவாங்க. பாதியில வச்சிட்டுப் போனா மனசு அங்க நிக்காது. இன்னும் ரெண்டு ஞாயிறு, பெயின்ட் அடிச்சி இறக்கைய ஒட்டுனா சரி. பிலோமினாகிட்டச் சொல்லாத. அவ மகளுக்குப் போன் போட்டு, மக வேலைய விட்டுட்டு ஓடியாருவா."

"சரி" என்றேன். அந்தச் சரியை நான் வாயால் சொன்னேன். நன்றாக ஞாபகமிருக்கிறது.

பெயின்ட் காயவில்லை. மழைமாதம், ஜன்னலைத் திறந்தால் மூட்டம் உள்ளே வந்து உட்காருகிறது. பூசிய வெள்ளை மூன்று நாளானாலும் கையில் ஒட்டியது. ஒரு கிழமை வீணாகிவிடுமே என்று எனக்கு அவசரம். அந்தக் கடிதத்தை நினைத்துத்தான் அவசரப்பட்டேன். அதையாவது நீங்கள் நம்ப வேண்டும். "குடு மச்சான், நான் காய வச்சித் தர்றேன். அதானே என் தொழிலு" என்று இரண்டு இறக்கைகளையும் கைக்குட்டையில் சுற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுபோனேன். டிரையரில் சூடு வெளியேறுகிற வாய்க்குப் பக்கத்தில் ஒரு தகட்டின் மேல் வைத்தேன். ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கூப்பிட்டார். போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

தேயிலை அந்தச் சூட்டுக்குப் பதமாகக் காயும். பிளாஸ்டிக் காயாது. இரண்டு இறக்கையும் வாடின கொழுந்து மாதிரி சுருண்டு கிடந்தன.

முப்பது வருடம் டிரையரில் நின்றவன் அந்த ஒரு நாள் மட்டும் சூடு பார்க்கவில்லை. கைக்குட்டையை அவர் முன்னால் விரித்தபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் காஞ்சிருக்கு. சல்லடையில போட்டா எந்த கிரேடு வரும்?" என்றார். சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தூக்கிப் போட்டுரு மச்சான்" என்றேன். "வளஞ்சத தூக்கிப் போடுறதுக்கா பிட்டர் இருக்கேன்? சுடுதண்ணியில போட்டு, பலகைக்கு நடுவுல அழுத்தி வச்சா நிமிந்துரும். மூணு ஞாயிறு ஆகும்."

மூன்று ஞாயிறு. முதல் ஞாயிறு சுடுதண்ணீரில் போட்டு விரலால் நீவினார். கிளினிக் நாள் அந்த வாரத்தில் வந்தது, போனது. இரண்டாவது ஞாயிறு ஓர் இறக்கை நேராகிவிட்டது. அதை உடலோடு ஒட்டினார். மற்றது பலகைகளுக்கு நடுவில் இருந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை, கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு விசிறி பார்க்க ஏறினவர் இறங்கவில்லை.

ஸ்டெல்லா விமானத்தில் வந்து இறங்கினாள். அன்றைக்கு அவளுக்காகச் சாப்பிடாமலிருக்க வீட்டில் ஆள் இல்லை. எல்லோரும்தான் சாப்பிடாமலிருந்தோம், அது வேறு.

சாவு வீட்டில் பிலோமினா தங்கச்சி என்னைக் கேட்டார்: "அண்ணே, உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா? நெஞ்சு வலின்னு?"

"வயித்து கேஸுன்னாரு தங்கச்சி" என்றேன். செபமாலையும் ஒரு நாள் அப்படிச் சொன்னவர்தான். ஆகவே முழுப்பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள் தங்கச்சி அந்தப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். படத்தாளுக்கு நடுவில் கடிதம் இருந்தது. என்னைத் திட்டவில்லை. கடிதத்தை மேசையில் வைத்து, "பிளேன் முடியட்டும்னு இருந்தாரா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். "ஏன் இம்புட்டு நாள் இழுத்துச்சு?" என்றார். டிரையர் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இத நீங்களே வச்சிக்கங்கண்ணே, என்னால பாக்க முடியல" என்று எழுந்து போனார்.

செபமாலையுடையதென்று என்னிடம் இருப்பது அதுதான். ஒற்றை இறக்கை விமானம். சேர்ந்து உட்கார்ந்திருக்கும் மாநிற ஆட்கள் இரண்டு பேர். பலகைகளுக்கு நடுவில் இன்னோர் இறக்கை. அது நிமிர்ந்ததா இல்லையா என்று நான் திறந்து பார்க்கவில்லை. திறந்துவிட்டால் பயம் போய்விடும் என்பார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒட்டி முடியுங்கள், அவர் ஆத்மா சாந்தியடையும் என்று சிலர் சொல்கிறார்கள். முடித்து யாரிடம் காட்டுவது? நாள் தள்ளிப் போட்டுப் பெண் பார்க்க வருகிறவர்களிடமா?

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். அந்த இரண்டாவது ஞாயிறு, பசை இறுகும்வரை நான் உடலைப் பிடித்திருந்தேன், அவர் இறக்கையைப் பிடித்திருந்தார். மறுபடியும் வேர்த்தது. உதடு வெளுத்தது. "ஒண்ணுமில்ல, ஆட்டாமப் பிடி" என்றார். வளைத்தவன் நான்; அது ஒட்டி முடியாமல் அவர் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் ஆட்டாமல் பிடித்தேன். 'மச்சான், இது கெடக்கட்டும், எந்திரி, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்' என்பது நாக்குவரை வந்தது. சொல்லவில்லை.