வீரையனுக்குப் போடாத ஊசி

1. பிள்ளைத்தாச்சி ஊசி

எழுபதுகளின் தொடக்கத்தில், மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, டாக்டர் இல்லாதபோது ஊசி போடுவது எல்லாம் என் வேலை. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஊரின் தெற்குத் தெருவில் ஒரு கபடிக் குழு இருந்தது. எல்லோரும் விவசாயக் கூலிகள். பகலெல்லாம் வயல், சாயங்காலம் பயிற்சி. ஆடும் இடம் மாடு கட்டுகிற களம். முட்டி தேயாமல் ஒருவரும் வீடு திரும்பியதில்லை. எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர், அவர்களுக்கு ரண ஜன்னியைத் தடுக்கும் டி.டி. ஊசி போட்டுவிட வேண்டும் என்று மூன்று தடவை களத்துக்கே போனார். முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"அது பிள்ளைத்தாச்சிக்குப் போடுற ஊசியாச்சே சிஸ்டர், எங்களுக்கு எதுக்கு?" என்றான் ஒருவன்.

"போட்டா கை வீங்கிக்கும். அப்புறம் ஆளை எப்படிப் பிடிக்கிறது?" என்றான் இன்னொருவன்.

"டேய், குடும்பக் கட்டுப்பாடு ஊசியா இருக்கப்போவுது, ஓடுங்கடா!" என்று ஒரு குரல் வந்தது. களமே சிரித்தது.

நானும் சிரித்தேன். "விடுங்க சிஸ்டர், மண்ணு பட்டாலே ஆறிடுற உடம்பு இவங்களுக்கு" என்றேன். சிஸ்டர் பெட்டியை மூடினார்.

2. போலீஸ் மெமோ

அந்தத் தை மாதம் சம்பா அறுவடையில் கூலித் தகராறு முற்றிவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். தெற்குத் தெரு மொத்தமும் வரப்பில் மறித்து நின்றது. இரண்டு பக்கமும் அடி விழுந்தது. மறுநாள் சப் இன்ஸ்பெக்டர் எங்கள் வராந்தாவில் வந்து நின்றார்.

"தெற்குத் தெரு ஆளு எவன் காயத்தோட வந்தாலும் எனக்குத் தகவல் வரணும். கமுக்கமா கட்டுப் போட்டு அனுப்பினீங்க, நீங்களும் கேஸ்ல இருப்பீங்க."

அதற்கடுத்த நாள் வீரையன் வந்தான். குழுவில் எதிரணிக்குள் பாடிப் போவதில் அவன்தான் கெட்டி. கல்யாணமாகி ஒரு வருஷம். முழங்காலுக்குக் கீழே ஆழமாகக் கிழிந்து, மண்ணும் சாணியும் அப்பியிருந்தது. டாக்டர் கேம்ப் போயிருந்தார்.

"நேத்து ஆடறப்ப மாடு கட்டுற முளைக்குச்சி கிழிச்சிடுச்சுங்கய்யா. ஊசி போட்டுக்கிட்டு வந்தாத்தான் மேட்சுக்கு விடுவேன்னு வீட்டுல சொல்லிட்டா. நாளைக்கு முத்துப்பேட்டையில ஆட்டம்."

ஊசிக்குப் பயந்து ஓடுகிற அந்தக் குழுவில் தானாக வந்து கேட்ட ஒரே ஆள் அவன்.

"ஆட்டத்துல கிழிஞ்சதுன்னு யார் சாட்சி? ஸ்டேஷன்ல மெமோ வாங்கிட்டு வா. அப்புறம்தான் தொடுவேன்" என்றேன்.

"ஸ்டேஷனுக்குப் போனா என்னைத் திரும்ப விடமாட்டாங்க. நான் ஆடறது உங்களுக்குத் தெரியாதாய்யா?"

தெரியும். எத்தனையோ நாள் களத்தோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "ரூல்ஸ் அப்படி" என்றேன். அவன் காலை இழுத்துக்கொண்டு போனான்.

அப்படி எந்த ரூல்ஸும் கிடையாது. காயத்தைக் கழுவி, டெஸ்ட் டோஸ் பார்த்து, ரண ஜன்னி விஷத்தை முறிக்கும் ஏ.டி.எஸ். ஊசியைப் போட்டுவிட்டு, அதன் பிறகு விபத்துப் பதிவேட்டில் எழுதியிருக்கலாம். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் சப் இன்ஸ்பெக்டருக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

3. இருட்டு அறை

எட்டாம் நாள் வீரையனுக்குத் தாடை இறுகிப்போனது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரண ஜன்னி. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளைந்தது. அதனால் இருட்டு அறையில் தனியாகக் கிடத்தியிருந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். வாசலில் அவன் மனைவி பாக்கியம் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க ஊசி போட்டும் இப்படி ஆயிடுச்சேய்யா" என்றாள்.

"நான் போட்டேன்னு யாரும்மா சொன்னா?"

"அதுதான் சொல்லிச்சு. கம்பவுண்டரு போட்டுட்டாரு, கை வலிக்குதுன்னு தேய்ச்சுக் காட்டிச்சு. இல்லாட்டி நான் மேட்சுக்கு விட்டிருப்பேனா?"

ஆட வேண்டும் என்ற ஆசையில் அவன் சொன்ன பொய். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "சில உடம்புக்கு மருந்து பிடிக்கிறதில்லம்மா" என்றேன்.

ஐந்து நாளில் வீரையன் இறந்துவிட்டான்.

4. களத்தில்

அதற்குப் பிறகு ஊசி என்றாலே தெற்குத் தெரு கதவைச் சாத்தியது. ஊசி போட்டதால்தான் ஜன்னி வந்தது என்ற பேச்சு பரவி, கர்ப்பிணிகளும் வர மறுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஸ்டெல்லா சிஸ்டர் என் மேஜைக்கு வந்தார்.

"வீரையனுக்குப் போட்டது எந்த பேட்ச் மருந்து? கெட்டுப்போயிருந்தா மேல எழுதணும்."

"நான் போடவே இல்ல சிஸ்டர்."

நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னார்: "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே களத்துக்குப் போனேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டு நான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். பாக்கியத்தையும் கூப்பிட்டு வந்திருந்தார்கள். அடி விழும் என்று நினைத்தேன். யாரும் கை ஓங்கவில்லை.

பாக்கியம் மட்டும் ஒன்று கேட்டாள். "தண்ணி ஊத்திக் கழுவிக்கூட விடலையா?"

"இல்லம்மா."

அவள் எழுந்து போய்விட்டாள். குழுவின் கேப்டன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"சிஸ்டரை வரச் சொல்லுங்க, போட்டுக்கிறோம். நீங்க வர வேணாம்."

மறுவாரம் நான் சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். சிஸ்டர் தனியாகப் போய் அத்தனை பேருக்கும் போட்டுவிட்டு வந்தார். அடுத்த மாதம் இரண்டாவது டோஸுக்கும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்களாம்.

காயத்தோடு ஒருவன் வந்தால் முதலில் கழுவுங்கள், மருந்தைப் போடுங்கள். எங்கே ஆச்சு, எப்படி ஆச்சு என்பதைப் பிறகு கேளுங்கள். அதற்குப் பிறகு ரிடையர் ஆகும்வரை நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் அந்த ஊரில் நான் இருந்தவரை, தெற்குத் தெருவிலிருந்து ஒருவரும் என் கையால் கட்டுப் போட்டுக்கொள்ள வரவில்லை.