ஐஸ் ஐயா காட்டிய பாஸ்

தலைக்கு மை பூசுவதை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் பரந்தனில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். அந்த மணம் வேலி தாண்டிப் போகும். போன ஞாயிறு குசினிக்குப் பின்னால் நின்று, கிண்ணத்தில் மையைக் குழைத்தேன். மூக்கில் சுள்ளென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. வயது போகிறதே என்ற கவலையில் வந்த தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். அது அமோனியா. ஐஸ் ஐயாவின் தொழிற்சாலை மணம்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து முல்லைத்தீவுக் கரைக்குத் திரும்பி வந்திருந்த காலம். தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு வேலை தேடினேன். கிடைத்தது, கரையோரம் புதிதாக முளைத்த ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிளாக் வேலை. பெயர்தான் பெரிது. மேசை ஒன்று, கதிரை ஒன்று, சுவரில் ஒரு மணிக்கூடு. அந்த மணிக்கூட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, ஏனென்றால் மீனுக்கு ஐஸ் வாங்க ஒருவரும் வரவில்லை.

முதலாளியைத்தான் ஐஸ் ஐயா என்பார்கள். எழுபது தாண்டிய தமிழர். இளமையில் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். எங்கள் ஆட்களும் வெள்ளைக் காற்சட்டையோடு கப்பலில் நின்ற காலம் ஒன்று இருந்ததாம். சண்டைக்கு வெகு முன்னமே அதை விட்டுவிட்டு, கொழும்பில் படகு இயந்திரம் விற்றுப் பெரிய வியாபாரி ஆகிவிட்டார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. மனைவி போன பிறகு, உழைத்ததை எல்லாம் எங்கள் பக்கம் கொண்டுவந்து கொட்டினார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார். புருஷனை இழந்த பெண்களுக்குப் படகும் வலையும் கொடுத்தார். செத்த வீட்டு ஐஸுக்குக் காசு வாங்கவே மாட்டார். கனடாவிலிருந்து பிள்ளை வந்து சேரும்வரை பிரேதம் காத்திருக்க வேண்டுமே!

கடற்படையை விட்டு எவ்வளவோ காலம் ஆகியும் பழக்கம் போகவில்லை. சப்பாத்து மினுங்கும். தேத்தண்ணீர் மணியடித்துத்தான் வரும். குடித்துக் கழுவிய கோப்பைகளின் காதெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துப் பழகிய நான் இன்றைக்கும் குசினியில் கோப்பைக் காதுகளைத் திருப்பி வைத்து மகளிடம் பேச்சு வாங்குகிறேன். இதெல்லாம் பரவாயில்லை. கேற்றடியில் நின்றுகொண்டு, யார் வந்தாலும் கேட்பாரே, அதுதான் வினை.

"பேர்? எந்தப் படகு? எத்தினை பேர்?"

படகுக்கும் ஆட்களுக்கும் தக்கபடி ஐஸ் அளந்து கொடுக்கத்தான் கேட்டார். ஆனால் எங்கள் ஆட்கள் விடிந்தால் கரையில் நேவிக்காரரிடம், கடலுக்குப் போக அவர்கள் கொடுத்த அனுமதிப் பாஸை நீட்டி, அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும். கதை பரவியது.

"நேவியிலை இருந்த ஆள். ஆர் எப்ப கடலுக்குப் போறான் எண்டு பாக்கத்தான் ஐஸ் பக்டரி போட்டிருக்கிறார்."

அந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஐயா தண்ணீர்ப் பந்தல் போட்டார். இந்தக் கதை சொன்னவர்களே வரிசையில் நின்று அவருடைய ஐஸ் போட்ட சர்பத்தைக் குடித்தார்கள். அடுத்த நாள் மீனுக்கு ஐஸ் எடுக்க ஒரு காகமும் வரவில்லை. தொண்டைக்கு ஆகும், மீனுக்கு ஆகாது!

அந்தக் கூட்டத்தில் என் அப்பாவும் அடக்கம். அவர் பிடித்து வரும் பாரையும் அறக்குளாவும் வெயில் ஏறுவதற்குள் கண் மங்கிவிடும். லொறிக்காரன் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வருவார். மகள் ஐஸ் தொழிற்சாலையில் கிளாக், அப்பாவின் மீன் வெயிலில்.

ஒருநாள் ஐயா என் மேசையடிக்கு வந்தார். "பிள்ளை, இந்த மாதமும் ஒருத்தரும் வராட்டி மெஷினை நிப்பாட்டிப்போட்டு நான் கொழும்புக்குப் போறன். உருகிற ஐஸைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது."

எங்கள் கொட்டிலில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கெஞ்சினேன்.

"ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா. நல்ல மனுசன்."

"நல்ல மனுசனாயிருக்கட்டும். அந்தக் கேள்வியளுக்குக் கடற்கரையிலை மறுமொழி சொல்லுறதே காணும் எனக்கு, இங்கையும் வேண்டாம்."

ஆனாலும் வந்தார். என் முகத்துக்காகத்தான் வந்தார். மறுநாள் சைக்கிள் கரியரில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவதை யன்னலால் பார்த்தேன். ஐயா வழக்கம்போல முதுகை நிமிர்த்திக் கேற்றடியில் நின்றார்.

"பேர்?"

அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை மரியாதைக்குக் கீழே இறக்கிவிட்டார். கை தானாக மடிக்குள் போனது. சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த பாஸை எடுத்து, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஐஸ் வாங்க வந்த இடத்தில்!

எனக்கு நிலம் பிளக்கக் கூடாதா என்றிருந்தது. ஐயாவின் முகம் கறுத்துப் போய்விட்டது. ஏன் ஒருவரும் வரவில்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பாஸை அவர் தொடவில்லை. தன் சட்டைப் பையைத் துழாவி ஒரு அட்டையை எடுத்தார். முதியோர் அட்டை. ஆசுப்பத்திரியில் வரிசையில் நிற்காமல் முன்னால் போவதற்கு வயதானவர்கள் காட்டுவார்களே, அது. அதை அப்பாவைப் போலவே இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது என்ரை பாஸ். முதல் நீங்கள் பாருங்கோ."

அப்பா திகைத்துப் போய் வாங்கினார். பிறகு அவருக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படத்தைப் பார்த்தார், ஐயாவின் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். கரையில் தனக்கு நடப்பதை ஒன்றும் விடாமல் செய்தார்.

"எங்கை போறியள்?"

ஐயா விறைப்பாக நின்றார். "ஐஸ் ஏத்த, ஐயா."

"எத்தினை பேர்?"

"நான் தனிய."

அப்பா அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, போகலாம்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. இரண்டு பேரும் கேற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அப்பாடா என்று வந்த அழுகை.

அன்றைக்கு அப்பாவின் அறக்குளா மத்தியானம் கழிந்தும் பளபளவென்று கிடந்தது. லொறிக்காரன்தான் விலைக்குத் தலையைச் சொறிந்தான். அதற்குப் பிறகு ஐயா கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். வருகிறவர்கள்தான், "ஐயா, பாஸ்!" என்று கேட்டார்கள். அவர் அட்டையைக் காட்டாமல் ஒரு பெட்டி ஐஸும் வெளியே போகாது. அந்த அட்டை ஐஸ் தண்ணீரில் ஊறி மூலையெல்லாம் பிய்ந்து போனது.

இப்போது குளிர் லொறிகள் கரைக்கே வந்து மீனை ஏற்றுகின்றன. ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வந்து சேரும்வரை அவர் கிடந்ததும் அந்தத் தொழிற்சாலை ஐஸில்தான். பிறகு அதையும் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே சீமெந்து மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் மூச்சை இழுத்துப் பார்ப்பேன், ஒரு மணமும் வராது. அடக்க முடியாமல் அழுதும் இருக்கிறேன்.

போன வைகாசி வற்றாப்பளையில் சனம் நெரிந்தது. சர்பத் பந்தலடியில் ஒரு கடற்படைப் பெடியன் சீருடையோடு வழியை மறித்தபடி நின்றான். அப்பா என் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். பின்னால் போன என் கண், பழக்கதோஷம், அவருடைய வலக்கையிலேயே இருந்தது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லும். பிள்ளைக்குத் தண்ணி விடாய்க்குது."

தமிழ் விளங்கியதோ என்னவோ, பெடியன் சிரித்துக்கொண்டு தள்ளி நின்றான். அப்பாவின் கை பாஸைத் தேடி மடிப்பக்கம் போகவே இல்லை. பேத்தியின் கையைப் பிடித்தது பிடித்தபடியே இருந்தது. நான் சர்பத்தை அப்புறம் குடிக்கலாமென்று போய், அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.