ஐஸ் லாரியின் ஆறு வெள்ளை விளக்கு

அன்பான சபை மக்களே, எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன். ஆண்டவர் செய்ததை மூடி வைக்க மனசு வரவில்லை.

நான் ஞானமுத்து. செங்கல்பட்டிலிருந்து கடலோரக் குப்பங்களுக்கு ஐஸ் ஏற்றுகிறவன். படிப்பு மூன்றாம் வகுப்பு. கிளீனராக வண்டி ஏறினவன், இன்று சொந்தமாக இரண்டு லாரி. யார் கையையும் பிடித்து மேலே வந்தவன் இல்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் என் வண்டி ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் போன வருஷம் ஓய்ந்து போனேன். படகு கரைக்கு வருமுன் ஐஸ் அங்கே இருக்க வேண்டும். அதனால் தினமும் இருட்டோடு கிளம்பணும். திருக்கழுக்குன்றம் தாண்டினால் ஏரிக்கரை, வளைவு, நடுரோட்டில் படுத்த மாடு. தெருவிளக்கு கிடையாது. எனக்கு எல்லாமே புகை படிந்த மாதிரி தெரிந்தது. எதிரே ஒரு பைக் வந்தாலே கண் கூசி, வண்டி எங்கே போகிறது என்றே தெரியாது. கோளாறு கண்ணில்தான் என்று உள்ளுக்குள் தெரியும். வெளியே சொன்னால் மகன் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவான். அதனால் லைட்டு பத்தவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

எலக்ட்ரீஷியன் சேகரிடம் வண்டியை விட்டேன். மேலே வெள்ளை விளக்கு வைத்தால் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும் என்றான். "பம்பருக்குக் கீழ ரெண்டு மஞ்சள் போதும் நைனா. தனி லைன் இஸ்து, ரிலே வெச்சுத் தர்றேன். ஒரு நாள் வண்டிய வுட்டுட்டுப் போ."

ஒரு நாளா? குப்பத்தில் மீன் அழுகுமே. நீ பிறக்குமுன் ஸ்டியரிங் பிடித்தவன் நான் என்று அதட்டினேன். கேபின் தலையில் ஆறு வெள்ளை விளக்கு, அதுவும் ஹெட்லைட் ஒயரிலேயே சேர்த்து முறுக்கச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு செய்தான். ஞாயிற்றுக்கிழமை போதகரைக் கொண்டு எண்ணெய் பூசி ஜெபிக்க வைத்தேன். ஆலய வாசலில் ஆறையும் எரியவிட்டபோது நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மறுநாளே மார்கழிப் பனி. ஏரி வளைவுக்கு வந்தேன். எதிரே வெள்ளைச் சுவர். ரோடு இல்லை, கரை இல்லை. நடுவில் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் ஏறிவிடுவான். ஊர்ந்தேன். தோள் வலித்தது. கண்ணில் தண்ணீர் ஊற்றியது. பல வருஷக் களைப்பு ஒரேயடியாக இறங்கியது. வாய்விட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னால முடியல. எனக்குக் கண்ணு தெரியல. பாக்க வழி கொடும்."

கண் தெரியவில்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சொல்லி முடித்தேன். ஆறு விளக்கும் ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தன. கும்மிருட்டு. பிரேக்கை மிதித்தேன். வெள்ளைச் சுவர் போன இடத்தில் துளி வெளிச்சம் ஒன்று மேலும் கீழும் ஆடியது. செல்போன் டார்ச். வண்டி நின்றது.

இறங்கிப் பார்த்தேன். நான்கடி தூரத்தில் அச்சு முறிந்த ஷேர் ஆட்டோ. அதை ஓரம் தள்ளிக்கொண்டு டிரைவரும், மீன் எடுக்கப் போகிற ஐந்து பெண்களும். அவர்களில் போனைப் பிடித்திருந்த சரோஜா அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, சூரியன தூக்கித் தலைல வெச்சுகினு வர்ற, அஞ்சு பொம்பள நிக்கிறது தெரில?"

அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். திட்டின அந்த அம்மாதான் தண்ணீரும் கொடுத்தது. "மொதல்ல டாக்டராண்ட கண்ணக் காட்டு" என்றது. தங்கள் அம்மன்தான் காப்பாற்றினாள் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் வாதாடவில்லை. டார்ச் காட்டி என் லாரியையும் ஓரம் கட்ட வைத்தார்கள். விடியும்வரை அங்கேயே இருந்தோம். ஐஸ் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆறு விளக்கின் பாரம் தாங்காமல் ஃபியூஸ் போச்சு, இதில் என்ன அதிசயம் என்றான் சேகர். ஃபியூஸ் போகும் என்று எனக்கும் தெரியும். பத்தடி தாண்டின பிறகு அது போயிருந்தால்?

அன்றைக்கே மகனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை, அழுதான். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன் ஆச்சு. டாக்டர் சரி என்று சொல்லும்வரை மகன்தான் வண்டி ஓட்டினான். ஆறு விளக்கையும் கழற்றிவிட்டேன். சேகர் சொன்ன இரண்டு மஞ்சள்தான் இப்போது, பம்பருக்குக் கீழே. எனக்கு அது போதும்.

களைத்துப்போய் இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்கு எங்கே தெரியவில்லையோ அதை அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். நான் ஆறு விளக்கு வாங்கின பிறகு சொன்னேன். நீங்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்பார்.

அந்த ஏரி வளைவில் இப்போதும் சில நாள் சரோஜா அம்மா போகிற ஷேர் ஆட்டோ எதிர்ப்படும். அந்த அம்மா போன் டார்ச்சைத் தூக்கிக் காட்டும். நான் மஞ்சள் விளக்கை ஒரு தரம் அணைத்துப் போட்டு, ஸ்தோத்திரம் சொல்லிக் கடந்து போவேன்.